“வயசாயிடுச்சு” என்பது ஒரு நோயா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, “இருபது நிமிஷம், ஏதாவது இன்ஜினியரிங் சம்பந்தமா பேசுங்க” என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் நான் இன்று பேசப் போவது பாய்லரைப் பற்றியோ டர்பைனைப் பற்றியோ அல்ல, மனுஷனுக்கு வயசாவதைப் பற்றி. மேடை ஏறியவனை நடுவில் இறக்கிவிட மாட்டீர்கள் என்ற தைரியம்தான்.

என் ஊர் கச்சிராயபாளையம் பக்கம். வீட்டு வாசலில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். என் தாத்தா 1997-ல் இறந்தார். ஊரில் யார் கேட்டாலும் வீட்டில் சொன்ன காரணம் ஒன்றுதான்: “வயசாயிடுச்சு, போயிட்டாரு.” தாத்தாவுக்கு என்ன வயசு? ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பிற்பாடு என் அப்பாவின் வயசையும், தாத்தாவின் கல்யாணத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபதைத் தொட்டிருக்கவே மாட்டார்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் சாயங்காலம், கையில் பேடும் தோளில் பையுமாக ஒருத்தர் வந்தார். டவுனில் டிகிரி படித்தவர் போல இருந்தார். “இந்த வீட்டுல ஒரு பெரியவர் இறந்தாருங்களா?” என்று கேட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். ரேஷன் கார்டில் பேரை எடுக்க வந்த ஆளோ என்று அப்பாவுக்குச் சந்தேகம். ஆயாவுக்கு அதெல்லாம் இல்லை. செத்துப் போன புருஷனைப் பற்றி ஒருத்தர் உட்கார்ந்து கேட்கிறாரே என்று ஆரம்பித்தவள்தான், விளக்கு வைக்கும் நேரம் வரை பேசினாள். மூணு மாசம் விடாத இருமல். பொழுது சாய்ந்தால் உடம்பு காயும். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிவு. கோழையில் ரத்தம் வந்ததைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் சாம்பலைப் போட்டு மூடியது. ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. இருமலோடும் விடாத பீடி. அவர் அத்தனையையும் ஆயா சொன்ன பேச்சிலேயே எழுதிக்கொண்டு, தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அதோடு நாங்கள் அதை மறந்துவிட்டோம்.

பதினைந்து வருஷம் கழித்து, வேலைக்குச் சேர்ந்த பிறகு, வேறு எதையோ தேடும்போது ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை கண்ணில் பட்டது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு பீட்டோவும் சேர்ந்து செய்தது. சென்னை நகரத்தில் 1995 முதல் 1997 வரை இறந்த 48,000 பெரியவர்கள், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் 1997-98-ல் இறந்த 32,000 பெரியவர்கள், இவர்கள் வீட்டுக்கெல்லாம் ஆள் அனுப்பி, எப்படி இறந்தார்கள் என்று குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி வாங்கியிருக்கிறார்கள். இதற்கு வெர்பல் அட்டாப்சி என்று பேர். கேட்கப் போனவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரணப் பட்டதாரிகள். எழுதி வந்ததை டாக்டர்கள் படித்துக் காரணத்தை முடிவு செய்தார்கள்.

1997-98-ல் விழுப்புரம் மாவட்டம் என்றால் அதில் நம்ம கள்ளக்குறிச்சியும் அடக்கம். நமக்குத் தனி மாவட்டம் கிடைத்தது 2019 நவம்பரில்தான். இங்கே உட்கார்ந்திருக்கும் என் வயசுக்காரர்கள் சர்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தால் விழுப்புரம் மாவட்டம் என்றுதான் இருக்கும். அந்த 32,000 பேரில் என் தாத்தாவும் ஒருத்தர் என்று நான் நம்புகிறேன். திண்ணையில் ஆயா பேசிய பேச்சு எங்கோ ஒரு காகிதக் கட்டில் எண் போட்டு இருக்கிறது.

அந்தக் கணக்கு என்ன சொல்லியது? கிராமத்தில் நடந்த சாவுகளில் 41 சதவீதத்துக்கு என்ன நோய் என்றே தெளிவில்லாமல் இருந்தது. வீட்டுக்குப் போய்க் கேட்டதும் அது 26 சதவீதமாகக் குறைந்தது. சென்னையில் 54 சதவீதம், 23 ஆனது. பட்டணத்திலேயே பாதிக்கு மேல் காரணம் தெரியாத சாவு என்பதைக் கவனியுங்கள்.

அதோடு நிற்கவில்லை. இதே இரண்டு இடங்களிலும் இறந்துபோன ஆண்கள் 43,000 பேரையும், உயிரோடு இருந்த ஆண்கள் 35,000 பேரையும் எடுத்துக்கொண்டு யார் புகைத்தார், யார் புகைக்கவில்லை என்று ஒப்பிட்டார்கள். 2003-ல் லான்செட் பத்திரிகையில் வந்தது. பீடி, சிகரெட் என்றால் கேன்சர், மாரடைப்பு என்றுதான் நாம் நினைப்போம். இங்கே முன்னால் வந்து நின்றது டிபி. புகைக்கிறவர்கள் டிபியில் இறப்பது புகைக்காதவர்களைப் போல சுமார் நாலு மடங்கு. நம் ஊரில் டிபி கிருமி நுரையீரலுக்குள் போய்ச் சும்மா தூங்கிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். பெரும்பாலோருக்கு அது ஆயுசு முழுக்க எழுந்திருப்பதே இல்லை. புகை, அந்தக் காவலை உடைத்துவிடுகிறது.

ஆக, என் தாத்தாவைக் கொண்டுபோனது வயசு இல்லை. டிபிக்கு அப்போதே மருந்து இருந்தது. பெரியாஸ்பத்திரியில் காசில்லாமல் கொடுத்தார்கள். “வயசாயிடுச்சு” என்ற ஒரு வார்த்தை எங்கள் கண்ணை மூன்று மாசம் மூடி வைத்திருந்தது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன், செயலாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது இல்லையா. நான் வேலை பார்ப்பது ஒரு சர்க்கரை ஆலையில். அங்கே ஒரு பம்பின் பேரிங் போய்விட்டால், அதைக் கழற்றி மேஜை மேல் வைத்து, எண்ணெய் வற்றிப் போச்சா, ஷாஃப்ட் கோணலா என்று பார்ப்போம். உபயோகமான வேலைதான். ஆனால் பேரிங் போனது போனதுதான். இன்னொரு வழி, பம்பு நன்றாக ஓடும்போதே ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் சூடு எவ்வளவு, அதிர்வு எவ்வளவு என்று லாக் ஷீட்டில் எழுதிக்கொண்டே வருவது. புதுசாக வரும் பையன்களுக்கு அது வெட்டி வேலையாகத் தெரியும். ரூமில் உட்கார்ந்தபடியே போன ஷிஃப்ட் நம்பரைப் பார்த்து எழுதுகிறவர்களும் உண்டு (நானும் முதல் வருஷம் அப்படிச் செய்தவன்தான், முதல்வர் அவர்கள் மன்னிக்க வேண்டும்). பேரிங் சூடு 70 டிகிரி என்றால் நல்லதா, கெட்டதா? அந்த ஒரு நம்பரை வைத்துச் சொல்ல முடியாது. மூணு வருஷமாக 70-லேயே நிற்கிறது என்றால் பயமில்லை. போன வாரம் 55 ஆக இருந்தது என்றால் உடனே நிறுத்து.

மனுஷ உடம்புக்கு இந்த லாக் ஷீட்டை ஒரு ஊருக்கே போட்டுப் பார்த்தவர்கள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்காம் என்ற ஊரில் இருந்தார்கள். 1948-ல் ஆரம்பித்தார்கள். 5,209 ஆண்கள், பெண்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு பிரஷர், எடை, ரத்தத்தில் கொழுப்பு எல்லாம் பார்த்து எழுதி வைப்பது, யாருக்கு என்ன வருகிறது என்று காத்திருப்பது. 1971-ல் அவர்கள் பிள்ளைகளைச் சேர்த்தார்கள், 2002-ல் பேரப்பிள்ளைகளை. அன்றைக்கு டாக்டர்களிலேயே பலர், வயசு ஏறினால் பிரஷர் ஏறத்தான் செய்யும், அது இயற்கை, அதில் கை வைக்கக் கூடாது என்று நினைத்திருந்தார்கள். அங்கேயும் “வயசாயிடுச்சு”தான் பாருங்கள். வருஷா வருஷம் எழுதி வந்த நோட்டுதான், பிரஷர் ஏறியவர்களுக்கே மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வருகின்றன என்று காட்டியது. இன்று நம்ம ஊர் நர்ஸம்மா கையில் பட்டை சுற்றி பிரஷர் பார்க்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் அந்த ஊர்க்காரர்களின் பொறுமை இருக்கிறது.

நம் நாட்டிலும் பொறுமைசாலிகள் உண்டு. வேலூரிலும் டெல்லியிலும் 1969-ஐ ஒட்டிப் பிறந்த குழந்தைகளைப் பிறந்த நாள் எடையிலிருந்து எழுத ஆரம்பித்து, அவர்கள் முப்பதைத் தொடும்போது சர்க்கரை இருக்கிறதா என்று தேடிப் போய்ப் பார்த்தார்கள். அந்த வேலூர்க் குழந்தைகளுக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது. டெல்லிக் கணக்கு 2004-ல் வந்தது: கைக்குழந்தையாக இருந்தபோது ஒல்லியாக இருந்து, பிறகு வருஷா வருஷம் உடம்பு போட்டுக்கொண்டே வந்தவர்களுக்குத்தான் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். முப்பது வயசில் ஒரு நாள் மட்டும் எடை பார்த்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

சென்னையிலும் 1998 முதல் 2001 வரை, 35 வயசுக்கு மேற்பட்ட ஐந்து லட்சம் பேரை வீடு வீடாகப் பார்த்து எழுதி, பிறகு பல வருஷம் தொடர்ந்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. ரொம்ப மெலிந்தவர்கள் டிபியாலும் மூச்சு நோயாலும் அதிகம் இறந்திருந்தார்கள். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. மெலிந்ததால் நோய் வந்ததா, நோய் உள்ளே இருந்ததால் மெலிந்தாரா? ஒரே ஒரு நாள் பார்த்தவனுக்கு இதைப் பிரிக்கவே முடியாது. ஏற்கெனவே நோய் இருப்பவர்களைத் தனியே வைத்துவிட்டு, மற்றவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்ப்பவனுக்குத்தான் அந்தக் குழப்பம் குறையும். நாடு முழுதும் 2017-18-ல் லாசி என்ற ஆய்வு ஆரம்பித்திருக்கிறது. மும்பையில் உள்ள மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் நடத்துவது. 45 வயசுக்கு மேல் 72,000-க்கும் அதிகமானவர்கள். கைப்பிடி பலம், நடக்கும் வேகம், மூச்சு விடும் அளவு வரை அளக்கிறார்கள். 25 வருஷம் தொடர்வதாகத் திட்டம். முடியும்போது, இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே நடுவயசை நெருங்கியிருப்பார்கள்.

சரி, இதெல்லாம் எங்கேயோ நடப்பது. நம்ம மலைக்கு வருவோம்.

கல்வராயன் மலைக்குப் போய் வந்த நண்பர்கள் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. “எழுபது வயசுக் கிழவர் கடுக்காய் மூட்டையைத் தூக்கிட்டு மலை ஏறுறார் சார். சாமைச் சோறு, மலைக் காத்து!” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கிழவரோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் முப்பதிலும் நாற்பதிலும் ஐம்பதிலும் போனவர்கள் எத்தனை பேர் என்று யாராவது எழுதி வைத்திருக்கிறோமா? பலவீனமானவர்கள் போய்விட்டார்கள். மிச்சம் நின்றவர் மூட்டை தூக்குகிறார். அவரைப் பார்த்து மலையில் எல்லாரும் திடமாக வயசாகிறார்கள் என்று முடிவு கட்டுகிறோம். பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய பழைய பம்புகளை மட்டும் பார்த்து “அந்தக் காலத்து மெஷினே மெஷின்” என்று சொல்லும் ஃபோர்மேன் கணக்குதான் இதுவும். பழைய இரும்புக் கடைக்குப் போனதை அவர் எண்ணுவதில்லை.

2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். ஒவ்வொரு உயிரையும் நாடே எண்ணியது. எண்ண வேண்டியதுதான். ஆனால் மலையில் ஒவ்வொருத்தராக, மெதுவாக, பிரஷரிலும் இருமலிலும் போகிறவர்களை யார் எண்ணுகிறார்கள்?

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் சங்கம் வருஷா வருஷம் மலையில் மருத்துவ முகாம் நடத்துகிறது என்பது உங்களுக்குத் தெரியும். போட்டோ எல்லாம் மலரில் வருகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் நடந்தது. பேர் எழுதி பிரஷர், சர்க்கரை, எடை குறிக்கும் பொறுப்பு என்னுடையது. இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். அடுத்த வருஷம் வேறு ஊருக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. பழைய ஊரிலேயே பந்தல் போட்டோம். வரிசையில் ஒரு ஆயா வந்து உட்கார்ந்தார்கள். நான் பட்டையைச் சுற்றும்போது, “போன வருஷமும் நீதானே தம்பி சுத்தினே. பேரெல்லாம் எழுதினியே. இப்பக் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?” என்று கேட்டார்கள்.

என்னிடம் பதில் இல்லை. போன வருஷத் தாள்களை சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வேன் பின்னால் போட்டது மட்டும் ஞாபகம் இருந்தது. அதற்கு அப்புறம் நான் அதைத் தேடவே இல்லை. “உங்க வீட்டுக்காரர் வரலீங்களா?” என்று பேச்சை மாற்றினேன். போன தடவை இரண்டு பேரும் சேர்ந்துதான் வந்திருந்தார்கள். “அவரு ஆடி மாசமே போயிட்டாரு தம்பி. வயசாயிடுச்சு” என்றார்கள்.

அவருக்கும் நான்தான் பிரஷர் பார்த்தேன். எவ்வளவு இருந்தது? 130-ஆ, 200-ஆ? தெரியாது. எழுதிய கை என்னுடையது, தொலைத்த கையும் என்னுடையது. ஊருக்குத் திரும்பிய பிறகு வேன் டிரைவர் வீட்டு வரைக்கும் போய்த் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அதனால்தான் செயற்குழுவில் ஒரு யோசனை வைத்தேன். வருஷத்துக்கு ஒரு புது ஊர் என்பதை நிறுத்துவோம். ஒரே ஊர், 45 வயசுக்கு மேற்பட்ட அதே ஆட்கள், வருஷா வருஷம் அதே மாசம். கெட்டி அட்டை போட்ட ஒரே நோட்டு. அதற்கு ஒரு நகல் வேறு இடத்தில். “ரிசல்ட் எப்ப தெரியும்?” என்று ஒரு நண்பர் கேட்டார். பத்து வருஷம் ஆகும் என்றேன். சிரித்துவிட்டார். மற்ற ஊர்க்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று இன்னொருவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் முழுசான பதில் இல்லை. ஒரு நாள் பிரஷர் பார்த்துவிட்டு வருவதால் அந்த ஊர்களுக்கு என்ன கிடைத்தது என்ற திருப்பிக் கேள்விதான் இருக்கிறது. நம் இருநூறு பேர் நோட்டு லான்செட்டுக்குப் போகாது. ஆனால் அந்த ஆயா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்.

செய்வது லேசில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் தகராறு வயசு. “எத்தனை வயசுங்க?” என்றால் “ஒரு அறுபது இருக்கும்” என்பார்கள். எல்லாருக்கும் ஐம்பது, ஐம்பத்தஞ்சு, அறுபதுதான். ஐம்பத்தேழு என்று யாருக்குமே வராது. சென்சஸ்காரர்களுக்கும் இதே தலைவலி உண்டு. ஆதாரில் இருப்பதும் பல பேருக்கு யாரோ குத்துமதிப்பாகப் போட்டதுதான். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து, ஜாகீர்தார் காலத்தில் கல்யாணம் ஆகியிருந்ததா, ரோடு வந்தபோது மூத்த பிள்ளை எவ்வளவு உசரம் என்று கேட்டு வயசைப் பிடிக்க வேண்டும். அரை நாள் அதற்கே போகும், போகட்டும். தேதி தெரியாத மெஷினுக்கு லாக் ஷீட் எழுதி என்ன பயன்?

இரண்டாவது, வராத ஆட்கள். மலையிலிருந்து காபி எஸ்டேட் வேலைக்கும் கட்டட வேலைக்கும் மாசக் கணக்கில் போய்விடுகிறார்கள். பந்தலில் வந்து நிற்கிறவர் நடக்க முடிந்தவர். படுத்திருப்பவர் வரமாட்டார். வந்தவர்களை மட்டும் எழுதினால் ஊரே ஆரோக்கியமாகத் தெரியும். வராதவர் வீட்டுக்கு நாம்தான் ஏறிப் போக வேண்டும். இறந்தவர் வீட்டிலும் உட்கார்ந்து கேட்க வேண்டும், எங்கள் திண்ணையில் அன்றைக்கு அவர் உட்கார்ந்த மாதிரி.

மூன்றாவது, நாம் டாக்டர்கள் இல்லை. சிறுவங்கூரில் 2022-லிருந்து நமக்கே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள சமூக மருத்துவத் துறையினர் வழி காட்டாமல் நாம் ஊசி நுனியைக்கூடத் தொடக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்த பிறகு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நம் நோட்டில் 180 என்று விழுந்தால், அந்தத் தகவல் அன்றைக்கே மாத்திரை கொடுக்கிறவர்களுக்குப் போக வேண்டும். பத்து வருஷக் கணக்குக்காக யாரையும் காத்திருக்க வைக்கக் கூடாது. எழுதுவதற்கு முன் அவர்களிடம் சம்மதம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். இன்ஜினியர் செய்யக்கூடியது வேறு இருக்கிறது: பிரஷர் மெஷினும் எடை மெஷினும் சரியாகக் காட்டுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் சோதிப்பது, ஒரே முறையில் அளப்பது, நோட்டைத் தொலைக்காமல் வைப்பது.

செயற்குழு ஒரு வருஷம் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறது. தை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கல்லூரி வாசலில் வேன் நிற்கும். கோமுகி அணை வழியாக ஏறுகிறோம். சாப்பாடு நம்முடையது. கையெழுத்து நன்றாக இருக்கும் மாணவர்கள் பத்துப் பேர் வேண்டும், பெண்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும். ஆயாக்கள் என்னிடம் பேசுவதைவிட தங்கைகளிடம் நன்றாகப் பேசுவார்கள். ஒரு வருஷம் வந்துவிட்டு அடுத்த வருஷம் நிற்பவர்கள் தயவு செய்து இப்போதே சொல்லிவிடுங்கள். பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீன் பக்கம் என்னைப் பார்க்கலாம். நோட்டை வாங்கிவிட்டேன், அட்டையும் போட்டாயிற்று.